பூஜ்யம் தொலைந்த கோப்பு: கேம்ப் லெஜூன் பொதுச் சுகாதார மதிப்பீடு பற்றி ஒரு மதிப்புரை

அமெரிக்காவில் ஒரு ராணுவத் தளத்தின் தண்ணீரோ மண்ணோ நச்சாகிப் போனால், அங்கே வாழ்ந்தவர்களின் உடலுக்கு அதனால் என்ன நேர்ந்திருக்கும் என்று கணித்துச் சொல்லும் கடமை, ஏடிஎஸ்டிஆர் என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் நச்சுப்பொருள் மற்றும் நோய்ப் பதிவேட்டு முகமைக்கு உரியது. நச்சுக் கழிவால் கெட்ட இடங்களைத் தூய்மைப்படுத்த வந்த 1980-ஆம் ஆண்டின் சூப்பர்ஃபண்ட் சட்டம் இந்த முகமையை உருவாக்கியது. 1986-இல் வந்த திருத்தம், மிக மோசமாக மாசுபட்ட இடங்களைக் கொண்ட தேசிய முன்னுரிமைப் பட்டியலில் சேரும் ஒவ்வோர் இடத்துக்கும் அது பொதுச் சுகாதார மதிப்பீடு ஒன்றைத் தயாரித்தே ஆக வேண்டும் என்று விதித்தது. இது பணம் கொடுத்து வாங்கும் சேவையன்று. கேட்டாலும் கேட்காவிட்டாலும் அறிக்கை வரும். யார் வேண்டுமானாலும் இணையத்திலிருந்து இறக்கிப் படிக்கலாம். வட கரோலினா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரை ஒட்டியுள்ள கேம்ப் லெஜூன் மரைன் தளத்துக்கு இந்த முகமை செய்துகொடுத்த மதிப்பீடுகளைத்தான் இங்கே எடைபோடுகிறேன்.

எடைபோட எனக்குள்ள தகுதி பெரியதல்ல. நிலத்தடி நீர்ப் பரிசோதனை அறிக்கைகளைப் படிப்பது என் பிழைப்பு. அந்தத் தளத்திலிருந்து இரண்டரை மணி நேரக் கார்ப் பயணத் தூரத்தில் குடியிருக்கிறேன். என் தெருவிலேயே வசிக்கும் முன்னாள் மரைன் வீரர் ஒருவர், 1977 முதல் 1979 வரை அங்கே ஹாட்னாட் பாயிண்ட் பகுதிப் பாசறையில் இருந்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை கை நிறையக் காகிதங்களோடு வந்தார். அவற்றில் ஒன்று தனக்கு ஒன்றும் ஆகாது என்றும் மற்றொன்று ஆகியிருக்கலாம் என்றும் சொல்வதாகவும், இரண்டையும் எழுதியது ஒரே அலுவலகம் என்பதால் எதை நம்புவது என்று தெரியவில்லை என்றும் சொல்லி, படித்து விளக்கும்படி கேட்டுக்கொண்டார். அப்படித் தொடங்கிய வாசிப்பு இது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் மதிப்பீட்டின் குறையும் நிறையும் அதில்தான் தெரியும். லெஜூன் தளத்தின் குடிநீர் முழுவதும் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து எடுக்கப்பட்டு, பகுதிவாரியாக உள்ள சுத்திகரிப்பு நிலையங்களில் கலந்து, குழாய் வழியே வீடுகளுக்கும் பாசறைகளுக்கும் பள்ளிகளுக்கும் போனது. இவற்றில் மூன்று அமைப்புகள் கெட்டுப்போயின. டராவா டெரஸ் என்ற குடும்பக் குடியிருப்பின் கிணறுகளில் பெர்குளோரோஎத்திலீன், அதாவது பிசிஇ, கலந்தது. அதன் ஊற்றுக்கண் தளத்துக்கு வெளியே, சாலையோரத்தில் இயங்கிய ஏபிசி ஒன் அவர் கிளீனர்ஸ் என்ற உலர் சலவைக் கடை. கரைப்பானைக் காய்ச்சி வடித்த பின் அடியில் தங்கும் கசடைக் கடை வளாகத்தின் குழிகளை மேடாக்கக் கொட்டினார்கள் என்பது அரசு ஆவணங்களிலேயே பதிவாகியிருக்கிறது. ஹாட்னாட் பாயிண்ட்டில் கெடுத்தது தளமே: எந்திரங்களின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கப் பயன்படும் டிரைகுளோரோஎத்திலீன் என்ற டிசிஇ, தரையடித் தொட்டிகளிலிருந்து கசிந்த எரிபொருள், கழிவு கொட்டிய இடங்கள். ஹோல்கம் பூலவார்டு என்ற மூன்றாவது அமைப்பின் கிணறுகள் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருந்தன. ஆனால் தேவை கூடிய கோடை நாட்களில் ஹாட்னாட் பாயிண்ட் தண்ணீர் அதற்குள் திருப்பிவிடப்பட்டது. பாதிப்புக்குரிய காலமாக இன்று சட்டம் ஏற்றுக்கொண்டிருப்பது 1953 ஆகஸ்ட் முதல் 1987 டிசம்பர் வரை. அந்த 34 ஆண்டுகளில் அங்கே தங்கிச் சென்றவர்கள் பத்து லட்சம் பேர் வரை இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

அளவுகளைப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். இன்றைய அமெரிக்க விதிப்படி டிசிஇ, பிசிஇ, எரிபொருளில் உள்ள நச்சான பென்சீன் ஆகிய மூன்றுக்கும் குடிநீரில் அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு நூறு கோடிப் பங்குக்கு 5 பங்கு. 1982 மே மாதத்தில் ஹாட்னாட் பாயிண்ட் குழாய் நீரில் டிசிஇ 1,400 பங்கு இருந்தது. டராவா டெரஸில் 1985 பிப்ரவரியில் பிசிஇ 215 பங்கு. ஹாட்னாட் பாயிண்ட்டின் 651-ஆம் எண் கிணற்றில் மட்டும் எடுத்த நீரில் டிசிஇ 18,900 பங்கு. 1985 ஜனவரிக் கடைசியில் ஹோல்கம் நிலையத்தில் எரிபொருள் கசிந்து அதை மூட நேர்ந்தபோது, ஹாட்னாட் பாயிண்ட் நீரைத் திருப்பிவிட்டார்கள்; அந்த நாட்களில் பெர்க்லி மேனர் தொடக்கப் பள்ளியின் குழாயில் பிடித்த நீரில் 1,148 பங்கு டிசிஇ பதிவாயிற்று.

இவையெல்லாம் திடீரென்று தெரியவந்தவையும் அல்ல. 1980-இலேயே, வேறொரு பொருளைச் சோதிக்க மாதிரிகளை வாங்கிய ராணுவ ஆய்வகம், இந்த நீரில் குளோரின் ஏறிய கரைப்பான்கள் குறுக்கிடுகின்றன என்று அறிக்கைத் தாளின் ஓரத்தில் குறிப்பு எழுதி அனுப்பியது. 1981-இல் அந்தக் குறிப்பு ஆச்சரியக்குறியோடு திரும்ப வந்தது. 1982-இல் ஒரு தனியார் ஆய்வகம் பொருள்களின் பெயரையே எழுதித் தந்தது. மோசமான கிணறுகளை மூடத் தொடங்கியது 1984-இன் இறுதியில். மூடி முடித்தது 1985-இன் தொடக்கத்தில். 1989 அக்டோபரில் தளம் தேசிய முன்னுரிமைப் பட்டியலில் ஏறியது. அதன் பிறகுதான் நம் மதிப்புரைக்குரிய முகமை உள்ளே வருகிறது.

முகமையின் வேலைமுறை காகிதத்தில் குறை சொல்ல முடியாதது. மாசு எங்கிருந்து புறப்பட்டது, எதன் வழியே நகர்ந்தது, மனிதர் அதை எந்த இடத்தில் சந்தித்தார், உடலுக்குள் எப்படிப் புகுந்தது, அப்படிச் சந்தித்த மக்கள் யார் என்ற ஐந்து கண்ணிகளும் ஒன்றோடொன்று இணைந்தால்தான் தாக்கம் நடந்திருக்கும் என்று அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். இணைந்த பிறகு, ஒரு நாளைக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் எவ்வளவு நச்சு சேர்ந்திருக்கும் என்று கணக்கிட்டு, விலங்குச் சோதனைகளிலும் தொழிற்சாலைத் தொழிலாளர் ஆய்வுகளிலும் தீங்கு தென்பட்ட அளவோடு ஒப்பிடுகிறார்கள். இந்தக் கணக்கின் உயிர்நாடி ஒன்றே ஒன்று: எத்தனை ஆண்டு, என்ன அளவு. அந்த இரண்டு எண்களும் கைவசம் இல்லாதபோது முகமை என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் நான் இந்தச் சேவையை மதிப்பிடுகிறேன்.

1997-ஆம் ஆண்டுப் பதிப்பு அந்தச் சோதனையில் தோற்றது. 1980-க்கு முன் யாரும் இந்தக் கரைப்பான்களை அளக்கவில்லை. அளந்த ஒருசில மாதிரிகள் எல்லாம் 1982-க்கும் 1985-க்கும் இடைப்பட்டவை. அந்தச் சொற்ப எண்களையும், தளம் எடுத்துக் கொடுத்த ஆவணங்களையும் வைத்துக்கொண்டு, இந்த நீரைக் குடித்த பெரியவர்களுக்குப் புற்றுநோய் போன்ற கேடு வர வாய்ப்பு குறைவு என்ற முடிவுக்கு அறிக்கை வந்தது. நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: கருவிலிருந்த குழந்தைகளைப் பற்றி அது அப்படி ஆறுதல் சொல்லவில்லை; அவர்களைத் தனியே ஆராய வேண்டும் என்று பரிந்துரைத்தது, பின்னால் வந்த நல்ல வேலைகளுக்கு அந்தப் பரிந்துரையே விதை. பழைய பூச்சிக்கொல்லிக் கிடங்குக் கட்டடத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்தப்பட்டதையும் அது அபாயம் என்றே குறித்தது. ஆனால் பெரியவர்களைப் பற்றிய அந்த ஒரு வரிதான் பன்னிரண்டு ஆண்டுகள் வெளியே உலவியது. அளக்கப்படாத காலத்தைப் பற்றித் தெரியாது என்று எழுதுவதும், பயமில்லை என்று எழுதுவதும் வேறு வேறு. என் அண்டை வீட்டுக்காரர் கையில் இருந்தது இரண்டாவது.

பென்சீன் விவகாரத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஹாட்னாட் பாயிண்ட்டின் எரிபொருள் தொட்டி வளாகத்தை ஒட்டியிருந்த 602-ஆம் எண் கிணற்றில் 1984 ஜூலையில் எடுத்த மாதிரியில் பென்சீன் 380 பங்கு இருந்தது. அந்தத் தொட்டிகளிலிருந்து ஆண்டுக்கணக்கில் கசிந்த எரிபொருள் பத்து லட்சம் கேலனைத் தாண்டும் என்ற மதிப்பீடும் உண்டு. 1992-இல் ஓர் ஒப்பந்த நிறுவனம் தயாரித்த அறிக்கையில் அதே கிணற்றின் அதே மாதிரி 38 என்று அச்சாகியிருந்தது. 1994-இல் அந்த ஆய்வு இறுதி வடிவம் பெற்றபோது பென்சீன் குறிப்பே அதில் இடம்பெறவில்லை. 1997 மதிப்பீட்டில் பென்சீன் உரிய இடம் பெறாமல் போனது. 2010-இல் செய்தியாளர்கள் ஆவணங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்த பிறகுதான் அந்தப் பூஜ்யம் எங்கே தொலைந்தது என்று ஊருக்குத் தெரிந்தது.

இதைப் படித்தபோது எனக்கு வியப்பு வரவில்லை, வயிறுதான் கலங்கியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் ஆய்வகம் அனுப்பிய தாளில் தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளி விழுந்திருந்ததைக் கவனிக்காமல் நானே அட்டவணையில் ஏற்றி, மேலதிகாரி கையொப்பமும் வாங்கிவிட்டேன். மூன்று வாரம் கழித்து மூலத் தாளைத் தற்செயலாகப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது. தொகுத்த அட்டவணையை நம்பாதே, ஆய்வகத் தாளைக் கேள் என்று அன்று கற்றுக்கொண்டேன். ஒரு தளத்தின் சுகாதார மதிப்பீட்டைச் செய்யப் புகுந்தவர்கள், கெடுத்தவரே தொகுத்துக் கொடுத்த சுருக்கத்தோடு நின்றுவிட்டால், அந்தச் சுருக்கத்தில் எது விடுபட்டதோ அது மக்கள் உடலிலிருந்தும் விடுபட்டதாகவே கணக்கு முடியும். இந்த மதிப்பீடுகளுக்கு ஆகும் செலவையும் பாதுகாப்புத் துறைதான் ஏற்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

இன்னொரு பிழை பார்வைக்குச் சிறியது, விளைவில் பெரியது. ஹோல்கம் பூலவார்டு சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியதே 1972 ஜூனில்தான். அதற்கு முன் அந்தக் குடியிருப்புகளுக்குப் போனது ஹாட்னாட் பாயிண்ட் தண்ணீர். முகமைக்கு இந்தத் தேதி சரியாகத் தெரியாததால், 1998-இல் வெளியான பிறப்பு எடை பற்றிய ஆய்வில், கெட்ட நீரைக் குடித்த கர்ப்பிணிகள் பலர் நல்ல நீர் குடித்தவர்கள் பக்கம் சேர்க்கப்பட்டுவிட்டார்கள். இரண்டு தட்டிலும் ஒரே சரக்கைப் போட்டால் தராசு எப்படிச் சாயும்? 2009 ஏப்ரலில் முகமை 1997 அறிக்கையின் குடிநீர்ப் பகுதியைத் தன் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டு, பென்சீனைச் சேர்த்திருக்க வேண்டும் என்றும், புதிய தகவல்களால் பழைய முடிவு நிற்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டது. ஓர் அரசு அலுவலகம் தான் எழுதியதைத் தானே திரும்பப் பெறுவது அரிது. அதற்கு ஒரு மதிப்பெண் உண்டு. ஆனால் அந்த நிலைக்கு அதைத் தள்ளியது, 1976-இல் பிறந்து ஒன்பது வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்த ஜேனி என்ற சிறுமியின் தந்தையும் ஓய்வுபெற்ற மரைன் மாஸ்டர் சார்ஜென்ட்டுமான ஜெரி என்ஸ்மிங்கர் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் கோப்புகளைக் கிளறியதுதான் என்பதால், அந்த மதிப்பெண்ணில் பாதியை அவர்கள் பக்கம் எழுத வேண்டும். 1997 பதிப்புக்கு என் மதிப்பு ஐந்தில் ஒன்று.

அடுத்து வருவது, இந்தச் சேவையில் நான் மனமார மெச்சும் பகுதி. அளக்கப்படாத ஆண்டுகளை விட்டுவிட முடியாது என்று தீர்மானித்த பிறகு, மோரிஸ் மஸ்லியா தலைமையிலான பொறியாளர் குழு, கடந்த காலத் தண்ணீரைக் கணினியில் மீட்டுருவாக்க முனைந்தது. தரைக்கடியில் நீர் எந்தத் திசையில், என்ன வேகத்தில் நகர்ந்தது என்பதை மண் அடுக்குகளின் தன்மையிலிருந்தும் கிணறுகளின் நீர்மட்டப் பதிவுகளிலிருந்தும் கணித்தார்கள். சலவைக் கடையிலிருந்து இறங்கிய பிசிஇ அந்த ஓட்டத்தோடு எப்போது கிணற்றை எட்டியிருக்கும், வழியில் எவ்வளவு சிதைந்து டிசிஇயாகவும் வைனில் குளோரைடாகவும் மாறியிருக்கும் என்று அடுத்த படியில் கணித்தார்கள். எந்த மாதத்தில் எந்தக் கிணறு எவ்வளவு இறைத்தது என்ற பழைய பதிவுகளைக் கொண்டு, சுத்திகரிப்பு நிலையத்தில் கலந்து குழாய்க்கு வந்த நீரின் அளவை மாதம் மாதமாக எழுதினார்கள். கடைசியாக, 1980-களில் உண்மையில் அளந்த எண்களோடு கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ஒவ்வோர் ஊகமும் தவறிப்போனால் விடை எவ்வளவு தள்ளிப்போகும் என்பதையும் வீச்சாகக் கொடுத்தார்கள்.

டராவா டெரஸ் பகுதிக்கான முடிவுகள் 2007-இல் வந்தன: 1957 நவம்பர் முதல் 1987 பிப்ரவரி வரையிலான காலத்தில் 346 மாதங்கள் குழாய் நீரில் பிசிஇ 5 பங்கு வரம்பைத் தாண்டியிருந்தது, உச்ச மாதச் சராசரி 183. ஹாட்னாட் பாயிண்ட், ஹோல்கம் பகுதிகளுக்கான முடிவுகள் 2013-இல்: டிசிஇ 1953 ஆகஸ்டிலேயே வரம்பைக் கடந்தது, 1983 நவம்பரில் மாதச் சராசரி 783-ஐத் தொட்டது. இதை ஏன் மெச்சுகிறேன் என்றால், கிணறுகள் முறைவைத்து ஓட்டப்பட்டன; 651-ஆம் கிணறு ஓடும் நாளில் குழாய் நீர் நஞ்சு, ஓடாத நாளில் ஏறக்குறைய சுத்தம். அப்படிப்பட்ட அமைப்பில் ஒரு நாள் பிடித்த ஒரு புட்டி நீரை வைத்து 30 ஆண்டுகளுக்குத் தீர்ப்பு எழுதுவது, ஒரு பிடி சோற்றை வைத்து ஒரு கல்யாணப் பந்தியைக் கணக்கிடுவது போன்றது. 1997-இல் செய்தது அதுதான். மாத அட்டவணைகள் அந்தக் குருட்டுக் கணக்குக்கு முடிவு கட்டின. ஐந்தில் நாலரை. அரை மதிப்பெண்ணைக் குறைத்தது கால தாமதத்துக்காக மட்டுமே.

இடையில் 2009 ஜூனில் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் குழு ஒன்று, மேற்கொண்டு செய்யும் ஆய்வுகள் எதுவும் திட்டவட்டமான விடை தரப்போவதில்லை என்று எழுதியதையும், முகமை அதற்கு இணங்காமல் தன் ஆய்வுகளைத் தொடர்ந்ததையும் குறிப்பிட்டுக் கடந்துவிடலாம். விளைவு முகமையின் பக்கமே நியாயம் இருந்ததைக் காட்டியது.

அந்த ஆய்வுகளில் ஃபிராங்க் போவ் முதலானோர் 2014-இல் வெளியிட்ட இறப்பு விகித ஆய்வு முக்கியமானது. படைவீரர்களைப் பொதுமக்களோடு ஒப்பிட்டால் விடை ஏமாற்றும், ஏனெனில் படைக்குத் தேர்வாகிறவர்களே திடகாத்திரமானவர்கள். நஞ்சு குடித்த வீரர்கூட நஞ்சு குடிக்காத சராசரி மனிதரைவிட ஆரோக்கியமாகத் தெரிவார். ஆகவே லெஜூனில் இருந்த 1,54,932 பேரை, கலிபோர்னியாவின் கேம்ப் பெண்டில்டனில் அதே காலத்தில் இருந்த 1,54,969 பேரோடு ஒப்பிட்டார்கள்: அதே படை, அதே பயிற்சி, வேறு தண்ணீர். புற்றுநோயால் இறக்கும் விகிதம் ஒட்டுமொத்தமாகப் பத்து விழுக்காடும், சிறுநீரகப் புற்றுநோயில் ஏறக்குறைய 35 விழுக்காடும் லெஜூனில் கூடுதலாக இருந்தது. ஆய்வு முடிந்தபோது அவர்களில் மிகப் பெரும்பாலோர் 55 வயதைக்கூட எட்டாதவர்கள் என்பதால் இவை முதல் அறிகுறிகளே. 2023-இல் வேறொரு ஆய்வாளர் குழு வெளியிட்ட ஆய்வில், அதே இரு தளங்களின் ஒப்பீட்டில், லெஜூன் வீரர்களுக்குப் பார்கின்சன் நோய் வரும் வாய்ப்பு 70 விழுக்காடு அதிகம் என்று தெரிந்தது.

இவற்றின் மேல் எழுந்ததுதான் 2017 ஜனவரியில் வெளியான புதிய பொதுச் சுகாதார மதிப்பீடு. இப்போது நம் முன்னால் இருக்கும் சரக்கு இதுவே; எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன். அந்த நீரோடு 1950-கள் முதல் 1985 பிப்ரவரி வரை வாழ்ந்த குடும்பங்களுக்கும் பணியாளர்களுக்கும் வீரர்களுக்கும் சிறுநீரகப் புற்றுநோய், ரத்தப் புற்றுநோய் வகைகள் உட்பட்ட புற்றுநோய்களும், பிறப்புக் குறைபாடுகளும், வேறு உடல்நலக் கேடுகளும் வரும் அபாயம் கூடியிருக்கக்கூடும் என்று இந்த அறிக்கை நேராகச் சொல்கிறது. குளிக்கும்போது வெந்நீரிலிருந்து ஆவியாகும் டிசிஇயை மூச்சில் இழுப்பதும் தோல் வழியே உறிஞ்சுவதும் குடிப்பதற்குச் சற்றும் குறையாத வழிகள் என்று கணக்கில் சேர்த்திருப்பது இதன் பெரிய பலம். தண்ணீரையே குடிக்காமல் புட்டிப் பானத்தோடு காலம் கழித்தேன் என்று சொல்கிறவர்களுக்கும் இதனால் விடை கிடைக்கிறது. கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் குறுகிய காலம் டிசிஇ சேர்ந்தாலும் சிசுவின் இதய வளர்ச்சி பாதிக்கப்படக்கூடும் என்பதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். 1987-க்குப் பிந்திய குடிநீரில் இந்தக் கரைப்பான்களால் கவலை இல்லை என்பதையும் அதே தெளிவோடு எழுதியிருக்கிறார்கள்; இப்போது அங்கே குடியிருப்பவர்களுக்கு அந்த வரி தேவை.

குறைகளும் உண்டு. முடிவுரையைத் தாண்டி உள்ளே போனால், கிலோவுக்கு நாளொன்றுக்கு மில்லிகிராம் என்று பின்னங்களும் அடுக்குக்குறிகளும் நிறைந்த அட்டவணைகள்தான் தொடர்கின்றன. பள்ளிப் படிப்போடு படையில் சேர்ந்த எழுபது வயதுக்காரர் ஒருவர் தனக்குரிய வரியை அதில் தேடிக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரு கூட்டத்தின் அபாயம் கூடியது என்பதற்கும் ஒரு தனிமனிதரின் நோய் இதனால்தான் வந்தது என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறிக்கை விளக்குகிறது. ஆனால் அந்த விளக்கம் இருக்கும் இடம் யார் கண்ணிலும் படாத மூலை. என் அண்டை வீட்டுக்காரர் முதலில் கேட்ட கேள்வியே அதுதான் என்பதால், அது முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். மேலும், இந்த முகமைக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரம் மட்டுமே உண்டு. கிணற்றை மூடச் சொல்லவோ, சிகிச்சை தரச் சொல்லவோ, தண்டிக்கவோ முடியாது. அது குறையா, அமைப்பின் எல்லையா என்பது படிப்பவர் முடிவு. ஐந்தில் மூன்றரை கொடுக்கிறேன்.

சேவையின் பலன் எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால், மதிப்பீடு தானாக எதையும் செய்யவில்லை, மற்றவர்கள் செய்யக் கருவியாக இருந்தது. ஜேனியின் பெயரைத் தாங்கிய மருத்துவ உதவிச் சட்டம் 2012 ஆகஸ்டில் கையொப்பமானது. 2017 மார்ச்சில் முன்னாள் படைவீரர் துறை, அங்கே மொத்தமாக 30 நாட்களாவது பணியாற்றியவர்களுக்கு வயதுவந்தோர் ரத்தப் புற்றுநோய், சிறுநீரகம், கல்லீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றின் புற்றுநோய்கள், பார்கின்சன் நோய் உள்ளிட்ட எட்டு நோய்கள் வந்தால் காரணத்தை மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்ற விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2022 ஆகஸ்டில் வந்த சட்டம் இழப்பீடு கோரி வழக்குத் தொடுக்க இரண்டாண்டு வாசலைத் திறந்தது. முதல் ஆய்வகக் குறிப்பிலிருந்து அந்த வாசல் வரை 42 ஆண்டுகள்.

இனி, பயன்படுத்த நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். நீங்களோ உங்கள் உறவினரோ அந்தக் காலத்தில் அங்கே இருந்திருந்தால் மதிப்பீட்டு அறிக்கையிலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் எந்தக் குடியிருப்பு அல்லது பாசறை, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று எழுதிக்கொள்ளுங்கள். அது எந்த நீர் அமைப்பில் சேரும் என்று பாருங்கள். 1972 ஜூனுக்கு முந்திய ஹோல்கம் குடியிருப்பு என்றால் ஹாட்னாட் பாயிண்ட் என்றே கொள்ளுங்கள். பிறகு நீர் மீட்டுருவாக்க அறிக்கையின் மாத அட்டவணையில் உங்கள் மாதங்களைத் தேடுங்கள். நாங்கள் இருவரும் என் சாப்பாட்டு மேசையில் அளவுகோலை வரிமேல் வைத்து அப்படித்தான் பார்த்தோம். அவர் இருந்த மாதங்களில் ஒன்றுகூட டிசிஇ வரம்புக்குக் கீழே இல்லை. அந்த இரண்டு பக்கங்களை மட்டும் அச்சிட்டுத் தரச் சொன்னார், மருத்துவரிடம் காட்ட. அதன் பிறகு 2017 மதிப்பீட்டின் முடிவுரையைப் படித்தால் போதும். இணைப்புகளை என்னைப் போல எண்களோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு விட்டுவிடலாம். இணையத்தில் வேறு தளங்களில் 1997 பதிப்பின் நகல்கள் இன்னும் கிடைக்கின்றன. எனவே இறக்கிய கோப்பின் முதல் பக்கத்தில் ஆண்டைப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.